சென்னை பால்கனியில் மணக்கும் ஹோயா

ஹோயா என்ற பூக்கொடி என்றதும் பலரும் தேடுவது அதில் கார்னோசா என்ற இனத்தை. அழகான கொடிதான். ஆனால் இரவு கொஞ்சம் குளிர்ந்தால்தான் அது தாராளமாகப் பூக்கும். நம் ஊரில் அதற்கு எங்கே போவது? லாகுனோசா என்ற இனத்தை வாங்குங்கள். தென்கிழக்கு ஆசியக் கொடி, புழுக்கம் பழகியது. பூ ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. வெள்ளையாக, பஞ்சு ஒட்டியதுபோல் கொத்தாக மலரும். இருட்டிய பிறகு பட்டை, கிராம்பு கலந்த மாதிரி மணக்கும். காதலர் தினத்துக்கு விற்கும் ஒற்றை இதய இலையும் ஹோயாதான் (கெர்ரி என்ற இனம்). கணு இல்லாத இலை வேர் விடும், கொடியாகாது. காசு வீண்.

நான்கு அங்குலத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் ஈரம் தேங்கி வேர் அழுகும். தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, கொக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்), பெர்லைட் (எடையில்லாத வெள்ளைக் கல்துகள்), உடைத்த அடுப்புக்கரி தலா ஒரு பங்கு. தோட்டமண் வேண்டாம், இது மரத்தில் தொற்றி வளரும் சாதி.

கிழக்குப் பார்த்த பால்கனியில் காலை ஒன்பது மணி வரை வெயில் படலாம். ஏப்ரல், மே மாதங்களில் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குத் தொட்டியை உள்ளே எடுத்துவிடுங்கள்.

விரலை ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இலை சுருங்கியிருக்கிறதா? கலவை காய்ந்திருந்தால் தாகம். ஈரமாக இருந்தால் வேர் அழுகல். இரண்டாவதில் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. அழுகாத தண்டில் இரண்டு மூன்று கணு உள்ள துண்டை வெட்டி, வடியும் பால் உலர்ந்ததும் ஈரக் கொக்கோபீட்டில் நடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். உப்புள்ள போர் தண்ணீரில் இலைநுனி கருகும். பிடித்துவைத்த மழைத்தண்ணீர் நல்லது. 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ளது) லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

இலையில்லாமல் நீளும் கொடியைக் கத்தரிக்காதீர்கள், இலை பிறகு வரும். பூ உதிர்ந்ததும் கணுவில் குட்டையாக, வரிவரியாக, செத்ததுபோல் ஒரு காம்பு நிற்கும். அடுத்த கொத்து வருவது அதிலேயேதான். சாமிக்கு என்று கொத்தோடு கிள்ளினால் அந்த இடத்தில் புதுக் காம்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மொட்டு கட்டியபின் தொட்டியை இடம் மாற்றினாலோ, காயவிட்டாலோ மொட்டு உதிரும்.

எறும்பு ஏறினால் மொட்டடியைப் பாருங்கள். ஹோயா எருக்கின் உறவு. எருக்கில் மொய்க்கும் மஞ்சள் அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) இங்கும் வரும். கணுவிடுக்கில் மாவுப்பூச்சியும் ஒளியும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையடி நனைய அடியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.