நீரோட்டத்தில் கொக்கி மாட்டி நிற்பது எப்படி? பலாவு ப்ளூ கார்னருக்குப் போகும் புது டைவர்களுக்கு

பசிபிக்கில் இருக்கும் பலாவுக்கு டைவ் அடிக்கப் போகிறவர்கள் அநேகமாக ப்ளூ கார்னரை மனதில் வைத்துத்தான் போகிறார்கள். கடலுக்கடியில் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பவளப்பாறை மேடு, விளிம்பைத் தாண்டினால் செங்குத்தான சுவர். நீரோட்டம் அந்தச் சுவரில் மோதி மேலேறும். இரை அதோடு வரும், இரையைத் தேடி சாம்பல் சுறாவும் சீலா மீன் கூட்டமும் வரும். ஓட்டம் செத்த நாளில் போனால் சுறாவும் குறைவுதான்.

ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலை டைவ் சான்றிதழ் வாங்கிய கையோடு இங்கே குதிக்க வேண்டாம். மெதுவான ஓட்டத்தில் சில டிரிஃப்ட் டைவ் (ஓட்டத்தோடு மிதந்து போகும் டைவ்) பழகிவிட்டு வாருங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஓட்டம் பொதுவாக வலுக்கும். முதல் தடவைக்கு அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

முதலில் ரீஃப் ஹூக், அதாவது பாறையில் மாட்டும் கொக்கி. ஒரு இரும்புக் கொக்கி, ஒன்றிரண்டு மீட்டர் கயிறு, மறுமுனையில் கிளிப், அவ்வளவுதான். கிளிப்பை பிசிடியின் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) முன்பக்க வளையத்தில் மாட்டி, கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வையுங்கள். தொங்கவிட்டால் போகிற வழியெல்லாம் பவளத்தில் சிக்கும். ஒற்றைக் கையால் கிளிப்பைக் கழற்ற முடிகிறதா என்று படகிலேயே பார்த்துவிடுங்கள். கேமரா படகிலேயே இருக்கட்டும்.

சுவரை ஒட்டியே வழிகாட்டியோடு போங்கள். விளிம்பு வந்ததும் அவர் சைகை காட்டுவார். உயிருள்ள பவளத்தை விட்டுவிட்டு, செத்த பாறையில் ஒரு பொந்தோ விளிம்போ பார்த்துக் கொக்கியை மாட்டுங்கள். கயிற்றை மெல்ல விடுங்கள். அப்புறம் பிசிடிக்குள் கொஞ்சூண்டு காற்று. கயிறு விறைத்து, பட்டம் மாதிரி பாறைக்கு மேலே எழும்பி நிற்பீர்கள். ஃபின்னை (காலில் மாட்டும் துடுப்பு) அடிக்கவே வேண்டாம். அடித்தால் காற்றுதான் வீணாகும். முகம் ஓட்டத்தைப் பார்த்தே இருக்கட்டும். சுறா போகிறதே என்று சட்டென்று பக்கவாட்டில் திரும்பினால் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகும், சிலசமயம் வாயில் கடித்து மூச்சு விடும் ரெகுலேட்டர் தானாகவே காற்றைக் கொட்டத் தொடங்கும்.

மாட்டுவதைவிடக் கழற்றுவதில்தான் கவனம் வேண்டும். பிசிடியில் இருக்கும் காற்றை முழுதாக வெளியேற்றிய பிறகே கொக்கியில் கை வையுங்கள். காற்றோடு கழற்றினால் நேரே மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். கயிற்றைப் பிடித்துப் பிடித்துப் பாறைக்கு வந்து, கழற்றி, சுருட்டி வைத்துவிட்டு மேட்டின் மேல் உங்கள் குழுவோடு மிதந்து போங்கள். சிலிண்டரில் வழிகாட்டி சொன்ன அளவுக்குக் காற்று இறங்கியதும் கிளம்பிவிட வேண்டும்; ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்ற பேச்சே கூடாது.

ஒருவேளை குமிழிகள் மேலே போகாமல் கீழே இறங்கினால், கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டரில் ஆழம் கூடிக்கொண்டே போனால், கீழிழுக்கும் ஓட்டத்தில் மாட்டியிருக்கிறீர்கள். மேல்நோக்கி உதைத்துப் போராடாமல் குறுக்காக நீந்தி அதிலிருந்து விலகுங்கள்.

திரும்பும்போது பாறையை விட்டு விலகிய திறந்த நீரில் மிதந்தபடியே 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நில்லுங்கள். அடையாள மிதவையை அப்போதே மேலே விட்டால்தான் படகுக்காரர் பின்தொடர முடியும். ஏணியைப் பிடிக்கும்வரை மாஸ்க்கும் ரெகுலேட்டரும் முகத்தை விட்டு இறங்கக் கூடாது.