கராத்தே உடையும் பெல்ட்டும்: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

கராத்தே வகுப்பில் சேர்ந்ததும் கைக்கு வருவது வெள்ளை உடை ஒன்று, வெள்ளை பெல்ட் ஒன்று. உடையை ஜப்பானியர்கள் 'கி' என்பார்கள். போட்டுக்கொள்ளும் முன் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுங்கள். பருத்தித் துணி சுருங்கும். சுருங்கிய பிறகுதான் சரியான அளவு தெரியும்.

1. பேண்ட். நாடா முன்பக்கம் வரவேண்டும். நன்றாக இறுக்கி முடிச்சுப் போடுங்கள், உதைக்கும்போது நழுவக்கூடாது. எலாஸ்டிக் வைத்ததென்றால் இந்த வேலையே இல்லை.

2. மேல்சட்டை. இதில்தான் கவனம் வேண்டும். வலப்பக்கத் துணியை முதலில் உடம்போடு ஒட்டிப் போட்டு, அதன் மேல் இடப்பக்கத் துணி வரவேண்டும். ஆண், பெண் இருவருக்கும் இதே முறைதான். ஜப்பானில் இறந்தவருக்கு உடுத்தும்போதுதான் வலப்பக்கத்தை மேலே போடுவார்கள். அதனால் மாற்றிப் போட்டால் மாஸ்டர் உடனே திருத்துவார். உள்ளே ஒரு ஜோடி, வெளியே ஒரு ஜோடி நாடா இருக்கும். முதலில் உள்நாடா, அப்புறம் வெளிநாடா. பெண்கள் உள்ளே வெள்ளை டி-ஷர்ட் போடுவது வழக்கம்.

3. பெல்ட். பெல்ட்டின் நடுப்பகுதியைத் தொப்புளுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். இரு முனைகளையும் பின்னால் கொண்டுபோய், முதுகில் ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி, முன்னால் இழுத்து வாருங்கள். இரண்டும் சம நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது இடது கையில் இருக்கும் முனையை வலது முனையின் மேலாகக் கொண்டுபோய், இடுப்பைச் சுற்றிய எல்லாச் சுற்றுக்கும் அடியில் நுழைத்து மேலே உருவுங்கள். மேலே வந்த அந்த முனை வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அதை மற்ற முனையின் மேலாக இடப்பக்கம் கொண்டுபோய், நடுவில் உண்டாகும் இடைவெளி வழியே உள்ளிருந்து வெளியே எடுத்து, இரண்டையும் பக்கவாட்டில் இழுங்கள்.

முடிச்சு சரியா என்று கண்டுபிடிப்பது சுலபம். முனைகள் இரண்டும் இடவலமாக விரிந்து நின்றால் சரி. ஒன்று மேலே தூக்கிக்கொண்டு ஒன்று கீழே தொங்கினால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். அந்த முடிச்சு பயிற்சியின் நடுவில் கழன்றுவிடும்.

4. நிறத்தின் கணக்கு. தரம் இரண்டு அடுக்கு. கறுப்புக்குக் கீழே 'கியூ', இது இறங்குவரிசை. பத்தாவது அல்லது ஒன்பதாவது கியூவில் தொடங்கி முதல் கியூவுக்கு வருவீர்கள். கறுப்பு பெல்ட்டிலிருந்து 'டான்'. அது முதல் டானில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். அதாவது கறுப்பு பெல்ட் உச்சி அல்ல, அங்கேதான் இரண்டாவது அடுக்கு ஆரம்பம்.

இந்த ஏற்பாடு கராத்தேயில் பிறந்ததும் அல்ல. 1882-ல் கோடோகன் பள்ளியைத் தொடங்கிய ஜூடோ ஆசான் ஜிகோரோ கானோ தன் மாணவர்களுக்கு டான் தரம் கொடுத்தார். கறுப்பு பெல்ட்டும் அங்கிருந்து வந்ததுதான். ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவிலிருந்து 1922-ல் டோக்கியோ வந்த கராத்தே ஆசான் கிச்சின் ஃபுனகோஷி, 1924-ல் கராத்தே மாணவர்களுக்கு முதன்முதலாக டான் வழங்கினார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்ற வண்ண வரிசை ஐரோப்பிய ஜூடோவில் வளர்ந்தது. 1930-களில் பாரிஸில் கற்பித்த மிகினோசுகே கவாய்ஷி அதைப் பரவலாக்கினார்.

வெள்ளை பெல்ட்டே அழுக்கேறி ஏறிக் கறுப்பானது என்ற கதையை வகுப்பில் கேட்பீர்கள். அது வெறும் கதை. ஆகவே பெல்ட்டைத் தாராளமாகத் துவைக்கலாம், நிழலில் உலர்த்துங்கள்.

வண்ண வரிசை பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒரு வகுப்பின் பச்சையும் பக்கத்துத் தெரு வகுப்பின் பச்சையும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெல்ட்டோடு உங்கள் பிள்ளையுடையதை ஒப்பிடாதீர்கள், தயவுசெய்து. எந்த நிறத்துக்கு எந்தக் கட்டா (வரிசையாகச் செய்துகாட்டும் அசைவுத் தொகுப்பு), எத்தனை மாதப் பயிற்சி என்று சேரும்போதே மாஸ்டரிடம் கேளுங்கள். கறுப்பு பெல்ட்டை ஒரே வருடத்தில் தருவதாகச் சொல்லும் இடத்தில் நான் சேரச் சொல்லமாட்டேன்.

போட்டிக்குப் போனால் ஒருவர் சிவப்பும் எதிராளி நீலமும் கட்டியிருப்பார். அது தரம் அல்ல. யார் எந்தப் பக்கம் என்று நடுவருக்குக் காட்டும் அடையாளம் மட்டுமே.