பைதன் ஒப்படையில் சிக்கிக்கொண்டால் உதவி கேட்பது எப்படி?

மாலை ஆறு மணிக்குப் பிறகு என் ஃபோனுக்கு வரும் செய்திகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். கேள்வித்தாளின் படம் ஒன்று, அதன் கீழே, "அண்ணா, இதற்கு விடை அனுப்புங்கள், நாளைக்குக் கொடுக்க வேண்டும்." உவர்மலையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் பைதன் என்னும் கணினி மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். விடை எழுத எனக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனாலும் எழுதி அனுப்புவதில்லை. பரீட்சை மண்டபத்தில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நான் உட்கார முடியாது. அதைவிட எனக்குக் கவலை தருபவர்கள், கேட்கவே கூச்சப்பட்டு வெற்றுத் தாளைக் கொடுத்துவிடும் பிள்ளைகள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கிண்ணியாவிலிருந்து வரும் மாணவி ஒருத்திக்கு நேர்ந்ததையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஒரு மீன்பிடிப் படகில் ஏழு நாட்கள் பிடிபட்ட மீனின் எடையை உள்ளீடாகப் பெற்று, சராசரியைக் காட்ட வேண்டும். இதுதான் ஒப்படை.

படி 1: கணினியைத் தொடுவதற்கு முன் கொப்பியில் கணக்கைச் செய்யுங்கள். 12, 15, 9, 14, 11, 8, 15 என்று ஏழு எடைகளை எடுத்தால் கூட்டுத்தொகை 84, சராசரி 12. வரவேண்டிய விடை தெரியாவிட்டால், வந்த விடை பிழை என்பதும் தெரியாது.

படி 2: செய்நிரலை, அதாவது கணினிக்கான கட்டளைகளை, தெரிந்த அளவுக்கு எழுதுங்கள். மூன்று வரியானாலும் போதும்.

படி 3: பிழை நேர்ந்தால் திரையில் வரும் வழுச் செய்தியைக் கீழிருந்து வாசியுங்கள். சிவப்பு எழுத்தைக் கண்டதும் பலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். கடைசி வரி என்ன வழு என்று சொல்கிறது. அதற்கு மேலுள்ள வரிகள் எந்த இடத்தில் என்று சொல்கின்றன. அந்த மாணவிக்கு வந்தது 'டைப் எரர்'. வகுத்தல் குறிக்கு ஒரு பக்கம் சரம் (கணினி எண்ணாக அல்லாமல் வெறும் எழுத்துத் தொடராகப் பார்ப்பது), மறுபக்கம் முழு எண். இரண்டையும் வகுக்க முடியாது என்பது அதன் பொருள். வகுக்கும் வரியையே அவள் ஒரு மணி நேரம் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறாள். செய்நிரல் நின்ற இடம் அதுதான். ஆனால் பிழை பிறந்த இடம் வேறு.

படி 4: சிக்கலைச் சிறிதாக்குங்கள். என்னைக் கேட்டால், ஆறு படிகளிலும் அதிக நேரம் செலவிட வேண்டியது இதில்தான். ஏழு நாளை இரண்டாக்குங்கள். வகுத்தலை எடுத்துவிடுங்கள். கூட்டுத்தொகையை மட்டும் திரையில் காட்டச் செய்யுங்கள். 12, 15 என்று கொடுத்தால் 27 வர வேண்டும். அவளுக்கு வந்தது 1215! ஐந்து வரியில் இப்போது எல்லாம் கண் முன்னே இருக்கிறது: கூட்டல் குறி எண்களைக் கூட்டவில்லை, ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டியிருக்கிறது.

படி 5: இப்போது கேளுங்கள். அன்று அவள் அனுப்பியது இது:

"அண்ணா, எடைகளைக் கூட்டிச் சராசரி காண வேண்டும். இரண்டு நாளுக்குக் குறைத்துப் பார்த்தேன். 12, 15 கொடுத்தால் 27 வர வேண்டும், 1215 வருகிறது. எண்களை ஏன் ஒட்டுகிறது?"

என்ன செய்ய வேண்டும், என்ன கொடுத்தாள், என்ன எதிர்பார்த்தாள், என்ன வந்தது என்ற நான்கும் அதில் இருந்தன. நான் ஒரே வரியில் பதில் அனுப்பினேன்: "இன்புட் உனக்குத் தருவது எண்ணா, சரமா?" உள்ளீட்டைப் பெறும் கட்டளைதான் 'இன்புட்'. பைதன் 3 இல் அது எப்போதும் சரத்தையே தரும். மீதியை அவளே கண்டுபிடித்து, உள்ளீட்டை 'இன்ட்' கொண்டு முழு எண்ணாக மாற்றிவிட்டாள்.

செய்நிரலைப் படம் பிடித்து அனுப்ப வேண்டாம். பைதனில் வரியின் முன்னுள்ள இடைவெளிக்கும் பொருள் உண்டு. சாய்ந்த படத்தில் அதை எண்ண முடியாது, ஓட்டிப் பார்க்கவும் முடியாது. கோப்பாகவே அனுப்புங்கள். ஃபோனில் தட்டச்சு செய்தால் சில வேளை மேற்கோள் குறிகள் வளைந்த வடிவில் விழும். பைதன் அவற்றை ஏற்காமல் தொடரியல் வழு காட்டும்.

படி 6: வழி கிடைத்த பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டு, மறுநாள் காலையில் வெற்றுக் கோப்பில் மீண்டும் எழுதுங்கள். ஒப்படையைக் கொடுக்கும்போது யார் உதவினார்கள் என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த மாணவி மறுநாள் எழுதிப் பார்த்துவிட்டு மறுபடி செய்தி அனுப்பினாள்: "அண்ணா, 12 கொடுத்தால் ஓடுகிறது. 12.5 கொடுத்தால் 'வலியூ எரர்' வருகிறது. தசமப் புள்ளி இருந்தால் இன்ட் ஏற்காதா?"

தசம எண்ணாக மாற்றும் கட்டளையின் பெயரை, 'ஃப்ளோட்' என்று ஒரு சொல் மட்டும் அனுப்பினேன்.