பஞ்சரானால் செய்ய வேண்டியதும் ஸ்டெப்னியின் தேவையும்

டியூப்லெஸ் டயரில் ஏறிய ஆணியை உடனே பிடுங்கக் கூடாது. ஆணியே துளையை ஓரளவு அடைத்திருப்பதால், காற்று வெகுவாக இறங்காத வரை மெதுவாக ஓட்டி, அருகிலுள்ள பஞ்சர் கடையை அடைந்துவிடலாம். சக்கரத்தை மாற்றியே தீர வேண்டுமெனில், சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஜாக்கியால் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் நட்டுக்குப் பதிலாகச் சக்கரம்தான் சுழலும். மாட்டும்போது ஒரு நட்டை முறுக்கியதும் அதற்கு எதிரே உள்ள நட்டை என்று மாறி மாறி முறுக்க வேண்டும்.

டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் கிட்டும் கொண்ட டியூப்லெஸ் கார்களுக்கு ஸ்டெப்னி எனும் உபரிச் சக்கரம் கட்டாயமில்லை என இந்தியாவில் 2020இல் விதி திருத்தப்பட்டது. ஆனால் கிட்டிலுள்ள திரவம் சாலையில் பதியும் பகுதியின் சிறு துளையை மட்டுமே அடைக்கும். பக்கவாட்டில் கிழிந்தால் உதவாது. எனவே இரவில் நெடுந்தூரம் செல்வோர், டிக்கியில் இடம் குறைந்தாலும், ஸ்டெப்னியை வைத்திருப்பதே நல்லது. பலரும் மறந்துவிடும் அதன் காற்றையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.