மேஜை மேல இருக்கிற பொருளை எடுத்தா தெரியணும்: எந்த சென்சார் போடுறது?

ஒரு டிஸ்ப்ளே மேஜை, மேல நாலஞ்சு பொருள், ஒன்னை கையில எடுத்தா பின்னாடி ஸ்கிரீன்ல அதோட வீடியோ ஓடணும், திரும்ப வச்சா நிக்கணும். இதை செய்ய கிளம்புற எல்லாரும் நேரா ஆர்எஃப்ஐடி (பொருள்ல ஒட்டின சின்ன டேக்கை ரேடியோ மூலமா படிக்கிறது), கேமரான்னு போயிடுறாங்க, பாதி பேருக்கு அது தேவையே இல்ல. முதல்ல ஒன்னு முடிவு பண்ணிக்கோங்க, அந்த இடம் காலியாச்சான்னு தெரிஞ்சா போதுமா, இல்ல அங்க இருக்கிறது எந்த பொருள்னும் தெரியணுமா? ஏன்னா பாக்க வர்றவங்க எடுத்த இடத்துலயே வைக்க மாட்டாங்க, மாத்தி மாத்தி தான் வைப்பாங்க. ஆனா ஒவ்வொரு பொருளோட அடிப்பாகத்துக்கு ஏத்த மாதிரி மேஜையில பள்ளம் வெட்டிட்டா ஒன்னோட இடத்துல இன்னொன்னு உக்காராது, அப்போ அடையாளம் கண்டுபிடிக்கிற வேலையே போயிடுது, சாதா ஆன் ஆஃப் சென்சாரே போதும். ஒரு தச்சு வேலையில முடியுறதுக்கு எதுக்கு எலக்ட்ரானிக்ஸ்ல மண்டைய உடைக்கணும்.

ஆன் ஆஃப்னு முடிவாயிட்டா என்னோட முதல் சாய்ஸ் காந்தமும் ரீட் ஸ்விட்ச்சும் (காந்தம் கிட்ட வந்தா தானா ஆன் ஆகுற ஸ்விட்ச்) தான். பொருளோட அடியில சின்ன நியோடிமியம் காந்தம் ஒட்டுங்க, மேஜைக்கு கீழ ரீட் ஸ்விட்ச், அவ்ளோதான். மரம், கண்ணாடி, அக்ரிலிக் எதுவும் காந்தத்தை தடுக்காது, அதனால மேல ஓட்டை கூட போட வேணாம், ஆனா இரும்பு தகடு இருந்தா காந்தப்புலத்தை அதுவே இழுத்துக்கும், அங்க இது ஆகாது. ஸ்விட்ச்சோட ஒரு கால் கிரவுண்டுக்கு, இன்னொன்னு ஆர்டுயினோங்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டோட பின்னுக்கு, போர்டு உள்ள இருக்கிற புல்அப்பை (ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கும்போது பின்னை ஹைக்கு இழுத்து வைக்கிற ரெசிஸ்டர்) ஆன் பண்ணிடுங்க, பொருள் இருந்தா லோ, எடுத்தா ஹை. இதுல ஒரு நல்லது, ஒயர் அறுந்தா கூட "எடுத்தாச்சு"ன்னு தான் காட்டும், வீடியோ நிக்காம ஓடிட்டே இருக்கும், உடனே கண்ணுல பட்டுடும். ஒயர் நீளமா போகுதுன்னா உள் புல்அப் பத்தாது, அது 20 முதல் 50 கிலோஓம், அவ்ளோ ஓம்னா இழுப்பு கம்மி, வெளிய 4.7 கிலோஓம் ஒன்னு போட்டுக்கோங்க. ரீட் ஸ்விட்ச் கண்ணாடி குழாய், காலை வளைக்கும்போது கண்ணாடி பக்கத்துல பிளையரால பிடிச்சுக்கிட்டு அதுக்கு வெளிய தான் வளைக்கணும், இல்லன்னா விரிசல் விட்டுடும். பக்கத்து பொருளோட காந்தம் இந்த ஸ்விட்ச்சை இழுக்குதான்னும் ஒட்டுறதுக்கு முன்னாடியே நகர்த்தி பாத்துடுங்க.

ரீட் உடையுமோன்னு பயமா இருந்தா ஹால் சென்சார் போடலாம், காந்தத்தை உணர்ற சின்ன சிப். ஏ3144ங்கிற மாடல் ஈசியா கிடைக்கும், ஆனா அது காந்தத்தோட ஒரு துருவத்துக்கு மட்டும் தான் வேலை செய்யும், திருப்பி ஒட்டிட்டா ஒன்னும் வராது, அதனால பசை போடுறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம்னு மார்க்கர்ல குறிச்சுக்கோங்க. அதுக்கு 4.5 வோல்ட்டாவது வேணும், 3.3 வோல்ட் போர்டு வச்சிருக்கவங்க இங்க தான் மாட்டுவாங்க. சென்சாருக்கு 5 வோல்ட் குடுத்துட்டு அவுட்புட் புல்அப்பை மட்டும் 3.3க்கு இழுங்க, ஓப்பன் கலெக்டர் அவுட்புட் தானே, அதாவது லோவுக்கு மட்டும் தான் இழுக்கும், தானா 5 வோல்ட் வெளிய விடாது, பிரச்சனை வராது.

வெளிச்சத்தை நம்புற சென்சார்ல நான் பட்டிருக்கேன். மேஜையில ஓட்டை போட்டு கீழ எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி ரெசிஸ்டன்ஸ் மாறுற சென்சார்) வச்சேன், ரூம்ல சூப்பரா ஓடுச்சு, நேர்ல கொண்டு போய் வச்சா குனிஞ்சு பாக்குறவங்க நிழல் விழுந்தே ரீடிங் மாறிடுது, எடுத்ததை வச்சதாவும், வச்சதை எடுத்ததாவும் காட்டி ஒரு நாள் பூரா அல்லாட விட்டுடுச்சு. தானே ஐஆர் (கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம்) அனுப்பி திரும்ப வாங்குற டிசிஆர்டி5000 சென்சார் அதை விட தேவலாம், ஆனா அது நல்லா வேலை செய்றது 2.5 மில்லிமீட்டர் கிட்ட தான், கருப்பு பொருள்னா ஐஆரை முழுங்கிடும், அதனால அடியில வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுங்க. வெயில் நேரா விழுற இடம்னா வேணவே வேணாம்.

பொருள்ல எதுவுமே ஒட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கன்னா எடையை அளக்குற லோட் செல், கூட அதோட சிக்னலை போர்டுக்கு படிச்சு குடுக்குற எச்எக்ஸ்711 சிப். ஒரே தட்டுல எல்லாத்தையும் வச்சு குறைஞ்ச எடையை வச்சே எது போச்சுன்னு சொல்லிடலாம், ஆனா எடை எல்லாம் 100, 200, 300 கிராம்னு இருந்தா மாட்டிப்பீங்க, 300 போச்சா இல்ல முதல் ரெண்டும் சேர்ந்து போச்சான்னு தெரியாது, 100, 200, 400னு இருந்தா எந்த கூட்டும் இன்னொன்னோட மோதாது. யாராவது கை ஊனினா அதையும் எடையா தான் எடுத்துக்கும், அதனால தட்டு மேஜையை தொடாம தனியா நிக்கணும்.

எந்த பொருள்னு கண்டிப்பா தெரியணும்னா தான் ஆர்எஃப்ஐடி. ஆர்சி522 ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸ், சில சென்டிமீட்டர் தான் எட்டும், உலோக பொருள்னா சாதா டேக் செத்துடும், அதுக்குன்னு உலோகத்தை மறைக்கிற ஃபெரைட் ஷீட் வச்ச டேக் வாங்கணும். முக்கியமா, "எடுத்துட்டாங்க"ன்னு ரீடர் எப்பவும் சொல்லாது, இருக்கியா இருக்கியான்னு நீங்க தான் கேட்டுட்டே இருக்கணும். இதுல டேக் அங்கேயே இருந்தாலும் ஒரு தடவை விட்டு ஒரு தடவை பதில் வராம போகும், நிறைய பேர் ரீடர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்குறது இதை தான், மூணு தடவை தொடர்ந்து பதில் வரலன்னா மட்டும் எடுத்ததா கணக்கு வைங்க. பக்கத்து பக்கத்துல ரெண்டு ரீடர் இருந்தா ஆன்டெனாவை ஒன்னு ஒன்னா ஆன் பண்ணுங்க.

மேஜையே ஸ்கிரீனா இருந்தா கதை வேற. பேனலுக்கு பின்னாடி உலோக தகடு தான் இருக்கும், அடியிலேர்ந்து காந்தமும் வராது ஆர்எஃப்ஐடியும் வராது, அதனால பொருள் வைக்கிற இடத்தை ஸ்கிரீனை சுத்தி இருக்கிற ஃபிரேமுக்கு தள்ளுங்க. முடியாதுன்னா ஓரத்துலேர்ந்து படுக்கை வாட்டுல பாக்குற மாதிரி விஎல்53எல்0எக்ஸ்ங்கிற லேசர் தூர சென்சார் வைக்கலாம், எல்லாமே 0x29ங்கிற ஒரே அட்ரஸ்ல தான் வரும், அதனால எக்ஸ்ஷட் பின்னை (சென்சாரை தூங்க வைக்கிற பின்) வச்சு ஒன்னொன்னா எழுப்பி அட்ரஸ் மாத்தணும்.

ப்ரோக்ராம் எழுதும்போது, எடுத்ததும் வீடியோவை மாத்தாதீங்க, 200 மில்லிசெகண்ட் போல பொறுத்து இன்னும் காலியா தான் இருக்கான்னு பாத்துட்டு மாத்துங்க, சும்மா தொட்டு நகர்த்துறவங்க நிறைய. ரெண்டு பேர் ரெண்டு பொருளை எடுத்தா கடைசியா எடுத்தது ஓடட்டும், அதை வச்சதும் இன்னும் கையில இருக்கிறதுக்கு திரும்பணும், இதை எழுத மறந்துட்டா ரெண்டாவது ஆள் பொருளை பிடிச்சுக்கிட்டு வெத்து ஸ்கிரீனை பாத்துட்டு நிப்பார். கம்ப்யூட்டருக்கு சிக்னல் அனுப்ப ஆர்டுயினோ லியனார்டோ போர்டு எடுத்தா அது கீபோர்டாவே போய் உக்காந்துக்கும், தனி சாஃப்ட்வேர் எதுவும் வேணாம்.

மேஜையை மூடுறப்போ சென்சார் பக்கம் பசை போட்டு அடைக்காம ஸ்க்ரூ வச்ச மூடியா விடுங்க, சென்சார் கழண்டா கூட அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடலாம்.