காட்டருவிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அருவிக்கு முன்னால் போய் நின்றதும் கண் நேராக விழுகிற தண்ணீரில்தான் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஆபத்து பெரும்பாலும் கண் பார்க்காத இடங்களிலிருந்துதான் வருகிறது: மேலே மறைந்திருக்கும் காட்டிலிருந்து, காலடிப் பாறையிலிருந்து, நுரைக்கு அடியிலிருந்து. அங்கே நாம் செய்யும் தவறுகளும் அப்படித்தான். விழும் நீரை மட்டும் பார்த்துவிட்டு, மற்றதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

முதலாவது, தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கிறது என்று நம்பி இறங்குவது. அருவிக்கு வரும் தண்ணீர் நாம் நிற்கும் இடத்தில் பெய்தது அல்ல. மேலே பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை. கீழே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து சேர்ந்துவிடும். சில சமயம் அதற்கு முன் அடையாளம் தெரியும். தெளிவாக ஓடிய தண்ணீர் லேசாகக் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். சற்று முன்புவரை உலர்ந்திருந்த பாறை நனைந்திருக்கும். இரைச்சல் கனக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் பையை எடுக்க, படம் பிடிக்க என்று நிற்கக் கூடாது. ஓடையோரமாகக் கீழே ஓடுவதும் தப்பு. பக்கவாட்டில் மேடு பார்த்து ஏறிவிட வேண்டும். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். அக்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலாமல், நீர் வடியும்வரை மேட்டிலேயே இருப்பதுதான் சரி. சில சமயம் எந்த அடையாளமும் இல்லாமலே வெள்ளம் வந்துவிடும் என்பதால், மேல்காட்டில் மழை என்று சொன்னால் அன்றைக்குத் தண்ணீரில் இறங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது, நீச்சல் தெரியும் என்ற தைரியம். அருவி விழும் இடத்தில் வெள்ளையாகக் கொந்தளிக்கிறதே, அது முழுத் தண்ணீர் அல்ல, பாதி காற்று. காற்று கலந்த நீருக்கு அடர்த்தி குறைவு, அதனால் உடலை மேலே தாங்கும் விசையும் குறைவு. கையை வீசினாலும் பிடிப்பு கிடைக்காது. கூடவே, மேலிருந்து விழும் நீர் அடிவரை போய்த் திரும்பி, மேற்பரப்பில் அருவியை நோக்கியே சுழன்று வரும். அந்தச் சுழலில் அகப்பட்டவரை அது மறுபடி மறுபடி விழும் நீருக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நன்றாக நீந்துகிறவர்கள் மூழ்குவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று குளிர். 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் நீரில் திடீரென்று விழுந்தால் நம்மை அறியாமலே மூச்சை இழுத்துவிடுவோம். அந்த நேரம் முகம் நீருக்குள் இருந்தால் அவ்வளவுதான். குளித்தே ஆக வேண்டுமென்றால், அனுமதி உள்ள இடத்தில், அருவியிலிருந்து தள்ளி, நீர் அமைதியாகப் பரவும் இடத்தில் மெல்ல இறங்கலாம்.

பாறையிலிருந்து குதிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 10 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடுவோம். போன வருடம் ஆழமாக இருந்த கசத்தில் இந்த வருடம் ஒரு மரமோ பாறையோ வந்து கிடக்கலாம்.

அருவியின் உச்சிக்குப் போய் எட்டிப்பார்ப்பது இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றக்கூடியது. அங்கே தண்ணீர் சாதுவாக, முழங்காலளவுதான் ஓடும். ஆனால் நீர் காலகாலமாகத் தேய்த்த பாறை வழவழப்பாக, பல இடங்களில் விளிம்பை நோக்கிச் சரிந்திருக்கும். அதன் மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பாசி. வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள வெர்னல் அருவி சுமார் 97 மீட்டர் உயரம். 2011 ஜூலையில் அதன் உச்சியில் தடுப்புக் கம்பியைத் தாண்டி இறங்கிய மூவரை நீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. கம்பி போட்டவர்கள் நம் மகிழ்ச்சியைக் கெடுக்கப் போடவில்லை.

பாறைச் சுவருக்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிடுவதும் வேண்டாம். பல அருவிகளில் மேலே கெட்டிப் பாறை, கீழே மென்பாறை. நீர் அடிப்பகுதியைக் குடைந்துகொண்டே இருக்க, மேற்பகுதி தாங்கலின்றித் துருத்திக்கொண்டிருக்கும். ஹவாயின் ஓஆஹு தீவில் சேக்ரட் அருவியில் 1999 மே 9 அன்று பாறை சரிந்து 8 பேர் இறந்தார்கள். அன்று மூடிய அந்தப் பூங்கா மறுபடி திறக்கப்படவில்லை.

இதுவரை சொன்னது நமக்கு வரும் ஆபத்து. நம்மால் அருவிக்கு வரும் ஆபத்தைப் பலர் நினைப்பதே இல்லை. எனக்கு இதில்தான் அதிக வருத்தம். சாரல் படும் அந்தக் கொஞ்ச இடம் சுற்றியுள்ள காட்டிலிருந்து வேறுபட்ட ஓர் உலகம். தான்சானியாவின் கிஹான்சி அருவியில் 3 சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு மஞ்சள் தேரை இருந்தது. முட்டையிடாது, குட்டி போடும். உலகிலேயே அந்தச் சாரல் விழும் இரண்டு ஹெக்டேர் அளவு இடத்தில் மட்டும்தான் அது வாழ்ந்தது. 1996இல் கண்டுபிடித்தார்கள், சில ஆண்டுகளில் மேலே மின்சாரத்துக்காக அணை வந்து நீர் திருப்பப்பட்டது, சாரல் நின்றது, பூஞ்சை நோயும் சேர்ந்துகொண்டது. 2009இல் இயற்கையில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். அமெரிக்க விலங்குக் காட்சியகங்களில் வளர்த்தவற்றை 2012இல் செயற்கைச் சாரல் அமைத்துத் திரும்ப விட்டார்கள். நாம் அணை கட்டப் போவதில்லை, உண்மைதான். ஆனாலும் அருவியோரப் பாசியை மிதித்துப் பெயர்த்தால், அது திரும்ப வளர ஆண்டுகள் ஆகும். கல்லை எடுத்துக் கோபுரம் அடுக்கினால், கல்லடியில் ஒட்டியிருந்த பூச்சிப் புழுக்கள் வெயிலில் காய்ந்துவிடும்; மீனுக்கும் தவளைக்கும் அவைதான் இரை. தென் அமெரிக்காவின் இகுவாசு அருவியில் விழும் நீருக்குப் பின்னால் உழவாரக் குருவிகள் கூடு கட்டுகின்றன. அருவிக்குப் பின்னால் புகுந்து கத்துவதற்கு முன் அங்கே யாராவது குடியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

சோப்பும் ஷாம்பூவும் ஓடையில் கூடவே கூடாது. ‘மக்கும்’ என்று எழுதியிருந்தாலும், அது மக்குவதற்கு மண் வேண்டும். நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய்த்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். குரங்குக்குத் தின்பண்டம் நீட்டினால், அடுத்து வருகிறவரின் பையை அது பிடுங்கும்.

அப்புறம், தெளிவாக இருக்கிறது என்று அருவி நீரை அப்படியே குடிக்காதீர்கள். மேலே விலங்குகள் நடமாடுகின்றன. எலிக்காய்ச்சல் கிருமி தெளிந்த நீரிலும் இருக்கும். அட்டை கடித்தால் உப்போ நெருப்போ வைக்க வேண்டாம், அது வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடும். நகத்தை அதன் வாய்க்கடியில் நுழைத்துத் தள்ளினால் போதும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம்.

கூட்டமாகப் போனால் இறங்குவதற்கு முன்பே கை சைகைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலில் பத்தடி தள்ளி நிற்கும் குழந்தை கூப்பிடுவதுகூடக் கேட்காது. பள்ளத்தாக்குக்குள் போனில் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. யாராவது நீரில் அகப்பட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். அப்படிக் குதித்தவரும் மூழ்குவது அடிக்கடி நடக்கிறது. கரையில் படுத்துக்கொண்டு கயிறோ துண்டோ நீளக் கம்போ நீட்டுங்கள், அல்லது மூடி இறுக்கிய காலி கேன் ஒன்றை எறியுங்கள். அதே நேரம் ஒருவரை உதவி தேடி ஓடச் சொல்லுங்கள்.