பழைய ஃபோர்வீல் டிரைவ் வண்டி சூடாகிறதா? பாகத்தை மாற்றுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேடியேட்டர் புதுசு, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வு) புதுசு, வாட்டர் பம்ப்பும் புதுசு. அப்படியும் என் பழைய ஃபோர்வீல் டிரைவ் வண்டி நீண்ட ஏற்றத்தில் ஏறினால் மீட்டர் முள் சிவப்புக் கோட்டுக்குப் போய்விடும். காரணம் கிடைத்தது எப்போது தெரியுமா, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு நண்பரை உள்ளே உட்காரவைத்து, ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்.பி.எம்.மில் அப்படியே பிடிக்கச் சொன்னபோதுதான். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ், யாரோ இரண்டு விரலால் நசுக்கியது போல நடுவில் ஒட்டிக்கொண்டது. காலை எடுத்ததும் பழையபடி உருண்டையாகிவிட்டது. பம்ப் உறிஞ்சுகிற பக்கம் அது. உள்ளே இருக்க வேண்டிய சுருள் கம்பி துருவாக உதிர்ந்துபோய், ரப்பர் எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆகியிருந்தது. வண்டி நிற்கும்போது எத்தனை தரம் தொட்டுப் பார்த்தாலும் அந்த ஹோஸில் ஒரு குறையும் தெரியாது.

மாற்றிய மூன்று பாகமும் வீண். எப்போது சூடாகிறது என்பதை நிதானமாகக் கவனித்திருந்தால் முதல் நாளே அந்த ஹோஸ் பக்கம் போயிருப்பேன். இதுதான் எல்லாரும் செய்கிற முதல் தவறு, மற்ற தவறுகள் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன. மணலில், பாறைமேல் ஊர்ந்து போகும்போது, நெரிசலில் ஐடிலில் நிற்கும்போது சூடாகி, சாலையில் வேகம் பிடித்ததும் முள் இறங்கிவிடுகிறது என்றால் காற்று போதவில்லை என்று பொருள். ஃபேன், ஃபேன் கிளட்ச் (சூட்டுக்கு ஏற்ப ஃபேனை இன்ஜினோடு பிணைக்கும் பாகம்), ஃபேனைச் சுற்றியிருக்கும் ஷ்ரவுட் என்ற கூடு, இவற்றைப் பாருங்கள். ஐடிலில் சாதுவாக இருந்துவிட்டு வேகத்திலோ ஏற்றத்திலோ சூடேறுகிறது என்றால் கூலன்ட் (இன்ஜின் சூட்டைச் சுமந்துபோகும் திரவம்) ஓட்டம் குறைவு, இல்லையென்றால் ரேடியேட்டரால் அவ்வளவு சூட்டை வெளியே தள்ள முடியவில்லை. உள்ளே அடைத்த ரேடியேட்டர் குழாய்கள், நசுங்கும் ஹோஸ், அரித்துப்போன பம்ப் இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுழன்று திரவத்தைத் தள்ளும் சக்கரம்), நழுவும் பெல்ட் எல்லாம் இந்த வகை. ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் ஏறுகிறதா? கூலன்ட் குறைந்திருக்கலாம், உள்ளே காற்று அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம்.

சரி, உண்மையிலேயே சூடாகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பழைய வண்டியின் மீட்டரை அப்படியே நம்ப முடியாது. சில பழைய வண்டிகளில் டெம்பரேச்சர் மீட்டருக்கும் பெட்ரோல் மீட்டருக்கும் சேர்த்து ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான், அது கெட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்து மேலே போகும், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எர்த் சரியில்லாமல் போனாலும் மீட்டர் பொய் சொல்லும். இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது: கூலன்ட் மொத்தமும் கொட்டிப்போனால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள் இறங்கிக் காட்டும், இன்ஜினோ உள்ளே வெந்துகொண்டிருக்கும். முள் ஏறிவிட்டுத் திடீரென்று விழுந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள், உடனே ஓரம் கட்டுங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் அளந்து மீட்டரோடு ஒப்பிடுங்கள். ஆனால் பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும், அங்கே ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளப்பது நல்லது.

அடுத்து, ‘தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடு, சூடே ஆகாது’ என்கிற யோசனை. இதைக் கேட்டுக் கெட்டுப்போன இன்ஜின்களை நினைத்தால் எனக்கு வேதனைதான். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு இறங்கி பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும், அப்போது சூடு குறைவதற்குப் பதில் கூடும். சூடு கூடாத இன்ஜினிலும் கேடு உண்டு: போதிய சூட்டுக்கு வராமலே ஓடி எரிபொருளைத் தின்னும், தேய்மானமும் அதிகமாகும். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள், பெரிய வேலை இல்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அதில் நூலில் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர், இரண்டும் பாத்திரத்தின் அடியில் படக்கூடாது. 82 டிகிரி என்று அச்சிட்டிருந்தால் ஏறக்குறைய அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, 95 வாக்கில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். புதிதாக வாங்கியதையும் மாட்டுவதற்கு முன் இப்படிப் பார்த்துவிடுவது என் வழக்கம், புதுசிலும் பழுது வருகிறது.

ரேடியேட்டர் மூடியை யாரும் ஒரு பாகமாகவே மதிப்பதில்லை. மூடிக்கு வேலை மூடுவது மட்டும் இல்லை, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்த கலவை திறந்த பாத்திரத்தில் 106 டிகிரி வாக்கில் கொதிக்கும், 15 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) மூடி சரியாகப் பிடித்தால் அது 129 வரை தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் அந்த 23 டிகிரி போச்சு. மலைமேல் ஏறும்போது இது இன்னும் மோசம், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும். கீழே ஒழுங்காக ஓடிய வண்டி மேலே போய்க் கொதித்தால் முதலில் மூடியைப் பாருங்கள். ஆனால் ‘இன்னும் வலுவான மூடி போடுவோம்’ என்று கூடுதல் பி.எஸ்.ஐ. மூடியை மாட்டாதீர்கள், பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்றும், வண்டிக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டரான ஹீட்டர் கோரும் அதைத் தாங்காது.

சேற்றில் போய்வருகிற வண்டிக்கு இன்னொரு தனித் தொல்லை உண்டு. முன்பக்கம் நின்று பிரஷர் வாஷரைப் பிடித்து அடித்துவிட்டு ரேடியேட்டர் கழுவியாயிற்று என்று நினைப்போம். அந்த அடி சேற்றை இன்னும் உள்ளே தள்ளும், ஃபின்கள் என்ற மெல்லிய தகடுகளையும் மடக்கிவிடும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் பொறுமையாகக் கழுவ வேண்டும். ஏ.சி. உள்ள வண்டியில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கும் பாருங்கள், அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த சேறும் புல் விதைகளும் கம்பளி மாதிரி படிந்து கிடக்கும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் சுத்தமாகத்தான் தெரியும். கிரில்லுக்கு முன்னால் பெரிய விளக்குகள், வின்ச் என்று அடுக்கியிருந்தால் அதுவும் காற்றை மறைக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஃபேன் கிளட்ச்சைச் சோதிக்காமல் எலெக்ட்ரிக் ஃபேனுக்குத் தாவுவதும் பரவலாக நடக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடானதும் அணைத்துவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றுங்கள். தள்ளிவிட்டால் தங்குதடையில்லாமல் பல சுற்று சுற்றினால் உள்ளே சிலிக்கான் திரவம் தீர்ந்துபோயிருக்கிறது. இறுக்கமாக, உடனே நின்றுவிட்டால் நல்லது. ஷ்ரவுட் இல்லாமல் ஃபேன் மட்டும் இருந்தால் அது ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது, பக்கவாட்டில் கிடைப்பதைத்தான் இழுக்கும். எலெக்ட்ரிக் ஃபேன் போட்டே தீருவேன் என்பவர்கள் வயரை மாற்றிக் கொடுத்துவிடாமல் பாருங்கள், ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றி வண்டி ஓட்டத்தில் வரும் காற்றையே எதிர்த்துத் தள்ளும். ரேடியேட்டரின் முன்பக்கத்தில் ஒரு தாளை வைத்தால் ஒட்டிக்கொள்கிறதா, பறக்கிறதா என்பதில் தெரிந்துவிடும்.

ஊற்றுகிற விஷயத்தில் மூன்று தவறு. வெறும் குழாய்த் தண்ணீர், உப்புப் படிந்து குழாயை அடைக்கும். கலக்காத கூலன்ட், அது தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது, ‘கெட்டியாக இருந்தால் நல்லது’ என்பது தவறு. கசிவை அடைக்கும் பொடி, அது கசிவை மட்டும் தேடிப் போய் அடைக்காது, ரேடியேட்டரின் மெல்லிய குழாயையும் ஹீட்டர் கோரையும் சேர்த்து அடைக்கும். அப்புறம், கூலன்ட் மாற்றியபின் வண்டியின் முன்பக்கத்தை மேடாக நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் திருப்பி வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள்.

குளிர்விக்கும் பாகங்கள் எல்லாம் சரியாக இருந்தும் சூடானால் சூடு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். பெட்ரோல் இன்ஜினில் இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்தங்கியிருந்தாலோ கலவையில் பெட்ரோல் குறைந்திருந்தாலோ சூடு கூடும். பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கும் போதும், ஓட்டி முடித்ததும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் அனல் அடிக்கும்.

ஹெட் கேஸ்கெட்டுக்கு வருகிறேன். ஆயிலில் பால் கலந்த மாதிரி இல்லை, அதனால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் மட்டும் கசிந்தால் ஆயில் சுத்தமாகவே இருக்கும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே, கூலன்ட் இன்னும் ஜில்லென்று இருக்கும்போதே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் சந்தேகப்படுங்கள். நீலத் திரவம் மஞ்சளாக மாறுகிற ஒரு கேஸ் டெஸ்ட் இருக்கிறது, ஹெட்டைப் பிரிப்பதற்கு முன் அதைச் செய்யச் சொல்லுங்கள். பிரித்துவிட்டால், நேர்கோல் வைத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று அளக்காமல் புது கேஸ்கெட்டைப் போட விடாதீர்கள்.

வழியில் சூடானால் என்ன செய்வது என்பதில்தான் ஆட்கள் காயப்படுகிறார்கள். சூடான மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் போன அந்த நொடியில் உள்ளே இருப்பது மொத்தமும் கொதித்து முகத்தில் பாயும். துணி சுற்றித் திறந்தாலும் அதே கதிதான். கூலன்ட் வெளியே போகவில்லை, ஆவி வரவில்லை என்றால் சுமையைக் குறைத்து நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திருப்பி, ஐடிலுக்குச் சற்று மேலே ஓடவிடுங்கள், முள் இறங்கும். ஆவி வந்துவிட்டாலோ கூலன்ட் கொட்டிவிட்டாலோ உடனே அணைத்துவிட்டு, மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற வரை காத்திருங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இன்ஜின் வார்ப்பில் விரிசல் விழலாம், ஹெட் போனால் பயணம் அங்கேயே முடிந்தது.

எதைச் சரிசெய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பிறகு முன்பு சூடான அதே ஏற்றத்தில், அதே கியரில், அதே சுமையோடு ஏறிப் பாருங்கள். நான் ஹோஸையும் உள்கம்பியையும் மாற்றிவிட்டு அந்த ஏற்றத்துக்குத்தான் திரும்பப் போனேன். உச்சிவரை முள் நடுவிலேயே நின்றது.